அலியோனா சவ்சென்கோ: ஐந்து ஒலிம்பிக், இரண்டு நாடு, மூன்று சோடி

நல்லூர்ப்பக்கம் எழுதியது:

யாழ்ப்பாணத்து வெயிலில் இருந்துகொண்டு ஐஸ் விளையாட்டுக்கு இழை திறக்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாசியுங்கள்.

போன கிழமை துடுப்பாட்ட இழையில் ஒருவர் "நாடு மாறி விளையாடுகிறவன் எல்லாம் காசுக்குப் போனவன்தான்" என்று எழுதியிருந்தார். அங்கேயே பதில் எழுதினால் இயோன் மோர்கன் அயர்லாந்தா இங்கிலாந்தா என்று பத்துப் பக்கத்துக்குச் சண்டை போகும். அதனால்தான் இங்கே. என்னைக் கேட்டால், துடுப்பாட்டத்தை வைத்து இந்தக் கேள்வியைப் பார்ப்பதே பிழை. பதினொரு பேரில் ஒருவர் போனால் மற்றப் பத்துப் பேரும் விளையாடலாம். சோடி ஸ்கேற்றிங்கில், அதாவது ஓர் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஐஸில் சறுக்கி, தூக்கி, தாவுகிற விளையாட்டில், இருப்பதே இரண்டு பேர். ஒருவர் போனால் மற்றவருக்கு விளையாட்டே இல்லை.

அலியோனா சவ்சென்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1984 தை மாதம் உக்ரைனில், கியெவுக்குத் தெற்கே இருக்கும் ஒபுகிவ் என்ற சின்ன நகரில் பிறந்தவர். ஸ்ரனிஸ்லாவ் மொரோசொவ் என்ற பெடியனோடு சோடி சேர்ந்து 2000 இல் உலக இளையோர் சம்பியன். 2002 சோல்ட் லேக் சிற்றி ஒலிம்பிக்கில் உக்ரைனுக்காக 15 ஆம் இடம். அதற்குப் பிறகு அந்தச் சோடி பிரிந்தது. 18 வயதில் உலகப் பட்டம் ஒன்று கையில் இருக்கிறது, தூக்க ஆள் இல்லை.

2003 இல் ஜேர்மனியின் கெம்னிற்ஸ் நகரத்துக்குப் போனார். கிழக்கு ஜேர்மனிக் காலத்திலிருந்தே ஸ்கேற்றிங்குக்குப் பேர்போன ஊர் அது. அங்கே இங்கோ ஸ்ரொயர் என்ற பயிற்றுநர், ரொபின் ஷொல்கோவி என்ற புதுச் சோடி. ஷொல்கோவியின் தகப்பன் தன்சானியாக்காரர், பிறந்தது கிழக்கு ஜேர்மனியில். இந்த இருவரும் 2008, 2009, 2011, 2012, 2014 என்று ஐந்து தரம் உலக சம்பியன்கள். ஆனால் ஒலிம்பிக்கில்? 2006 இல் ஆறாம் இடம். 2010 இல் வெண்கலம். 2014 இல் திரும்பவும் வெண்கலம்.

2014 இல் ஷொல்கோவி ஓய்வு பெற்றுவிட்டார். சவ்சென்கோவுக்கு அப்போது 30 வயது. அந்த வயதில் பெரும்பாலானவர்கள் காட்சி நிகழ்ச்சிகளுக்குப் போவார்கள், அல்லது பிள்ளைகளுக்குப் பழக்குவார்கள். இவர் தன்னைவிட ஐந்து வயது குறைந்த புரூனோ மசோ என்ற பிரெஞ்சுக்காரரைப் பிடித்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினார். 2018 பியொங்சாங்கில் தங்கம்.

இதில் காசுக்குப் போனது எந்த இடத்தில் என்று யாராவது காட்டுங்கள்.

பனங்கொட்டை எழுதியது:

அண்ணை, எங்களுக்குத் தெரிந்த ஐஸ் நல்லூரடி ஐஸ்கிறீம் மட்டும்தான். அதிலும் சறுக்குவது சாரத்தில் ஊற்றினால்தான்.

சும்மா சொன்னேன், தொடருங்கோ. பியொங்சாங்கில் என்ன நடந்தது என்று ஒருவர் விரிவாக எழுதினால் நல்லம். தங்கம் என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள்.

ஒற்றைப்பனை எழுதியது:

துடுப்பாட்ட இழையில் "காசுக்குப் போனவன்" என்ற அந்த வரியை எழுதினது நான்தான். திரும்பவும் எழுதுவேன்.

நான் பள்ளிக்கூடங்களில் விளையாட்டுப் பழக்கியவன். ஒரு பிள்ளையை உருவாக்குவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். காலை ஐந்தரைக்கு மைதானத்துக்கு வந்து நிற்கிற வாத்தியார், பஸ் காசு கொடுக்கிற தாய், சப்பாத்து வாங்கிக் கொடுக்கிற பழைய மாணவர் சங்கம், இவ்வளவும் சேர்ந்துதான் ஒரு பிள்ளை. உக்ரைனில் அந்தப் பெட்டையை உலக இளையோர் சம்பியன் வரைக்கும் கொண்டுவந்த வாத்தியார் ஒருவர் இருந்திருப்பார் அல்லவா? ஐந்து உலகப் பட்டமும் ஜேர்மனிக் கணக்கில் ஏறினபோது அவருக்கு என்ன கிடைத்தது?

எங்கள் தர்ஜினி சிவலிங்கத்தைப் பாருங்கள். புன்னாலைக்கட்டுவன் பிள்ளை. அவுஸ்திரேலியாவில் கழகங்களுக்கு வலைப்பந்து விளையாடினார். அங்கேயே இருந்திருக்கலாம். ஆனால் நாட்டுக்கு என்று வந்தபோது இலங்கைக்குத்தான் ஆடினார், 2018 இல் சிங்கப்பூரில் ஆசியக் கிண்ணத்தையும் கொண்டுவந்தார்கள். கழகம் வேறு, நாடு வேறு. இதில் குழப்பம் தேவையில்லை.

புள்ளிக்கணக்கு எழுதியது:

பனங்கொட்டை கேட்டதற்கு என் பதில். இந்தப் போட்டியை நான் எத்தனை தரம் பார்த்திருப்பேன் என்று வீட்டில் கேட்டால் திட்டுத்தான் விழும்.

சோடி ஸ்கேற்றிங் இரண்டு கட்டம். முதல் நாள் குறு நிகழ்ச்சி, அடுத்த நாள் நீள நிகழ்ச்சி, இரண்டின் புள்ளியையும் கூட்டுவார்கள். 2018 பெப்ரவரி 14 குறு நிகழ்ச்சி. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே நேரத்தில் மூன்று சுற்றுத் தாவ வேண்டிய இடத்தில் மசோ இரண்டு சுற்றோடு இறங்கிவிட்டார். 76.59 புள்ளி, நாலாம் இடம். முதலிடத்தில் சீனாவின் சுய் வென்ஜிங், ஹான் சொங் சோடி, 82.39. இடைவெளி 5.80. இந்த விளையாட்டில் அது சின்ன இடைவெளி இல்லை. சவ்சென்கோவுக்கு அது ஐந்தாவது ஒலிம்பிக், வயது 34, இன்னொரு தரம் வரப் போவதில்லை என்று எல்லாருக்கும் தெரியும். பிழை விட்டது அவர் இல்லை, கூட்டாளி. இதையும் மனதில் வைத்துக்கொண்டு அடுத்த நாளைப் பாருங்கள்.

நீள நிகழ்ச்சியின் நடனத்தை அமைத்தவர் கிறிஸ்ரோபர் டீன். 1984 சரயேவோ ஒலிம்பிக்கில் ஜேன் ரோர்வில்லோடு ஐஸ் நடனத் தங்கம் வென்ற அதே டீன். நாலரை நிமிடம். எறி தாவலை மட்டும் ஒரு தரம் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். இருவரும் ஓடுகிற வேகத்திலேயே மசோ அவரின் இடுப்பைப் பிடித்து வீசுகிறார். காற்றில் மூன்று சுற்று. இறங்குவது ஒற்றைக் காலில், பின்பக்கமாக ஓடியபடி, சப்பாத்தின் அடியில் இருக்கிற தகட்டின் ஒரு விளிம்பில். வீசினவர் அதற்குள் நிமிர்ந்து, கையை விரித்து, ஒன்றுமே நடக்காத மாதிரிப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறார். விழுந்தால் விழுவது அவர் இல்லை, எறியப்பட்டவர்தான்.

159.31. அன்றைய நிலையில் உலக சாதனை. கூட்டினால் 235.90. பிறகு இருந்து பார்க்க வேண்டும், சீனச் சோடி இனித்தான் இறங்கும். அவர்களுக்கு 153.08, கூட்டினால் 235.47. வித்தியாசம் 0.43.

சோடியில் ஜேர்மனிக்கு 1952 ஒஸ்லோவுக்குப் பிறகு கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அதுதான்... கிழக்கு, மேற்கு எல்லாம் சேர்த்து. அடுத்த மாதம் மிலானில் உலகப் பட்டமும் எடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

பனங்கொட்டை எழுதியது:

0.43! எங்கள் வீட்டில் மின்கட்டணத்திலேயே அதைவிடக் கூட வித்தியாசம் வரும்.

நல்லூர்ப்பக்கம் எழுதியது:

ஒற்றைப்பனை ஐயா, தர்ஜினி பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் வலைப்பந்தில் ஏழு பேர் களத்தில், வாங்கிலும் ஆட்கள். இலங்கையில் அவருக்குப் பந்து கொடுக்க ஓர் அணி இருந்தது. அது இல்லாமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்பதுதான் என்னுடைய கேள்வி.

ஒரு சோடி சேருவதற்கு என்னென்ன வேண்டும் என்று கொஞ்சம் யோசியுங்கள். உயர வித்தியாசம் சரியாக இருக்க வேண்டும், தலைக்கு மேலே ஒரு கையில் தூக்க வேண்டுமே. இருவரும் தாவும்போது ஒரே பக்கம் சுற்றுகிறவர்களாக இருந்தால்தான் வசதி. சிலர் இடப்பக்கம் சுற்றுவார்கள், சிலர் வலப்பக்கம், அது சின்ன வயதிலேயே உடம்பில் ஊறிவிடும், இருபது வயதில் மாற்றுவது பெரும்பாடு. இருவரின் தரமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே ஊரில் இருக்க வேண்டும், ஒரே பயிற்றுநரை இருவருக்கும் பிடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஆள் ஏற்கெனவே இன்னொருவரோடு சோடி சேராமல் இருக்க வேண்டும். இவ்வளவும் பொருந்துகிற ஆள் உங்கள் நாட்டு எல்லைக்குள்தான் இருப்பார் என்று என்ன நிச்சயம்? ரஷ்யாவிலும் சீனாவிலும் வேண்டுமானால் இருப்பார், அங்கே வரிசையில் நிற்கிறார்கள். மற்ற நாடுகளில் ஒரு காலத்தில் உலகத் தரத்தில் ஒரு சோடி இருந்தாலே பெரிய விசயம்.

அதனால் நாடு மாறுவது என்று நாங்கள் சொல்வது, அவர்களுக்கு முதலில் ஆள் மாறுவது. கொடி பிறகுதான் வருகிறது.

ஸ்ருட்காட்_அக்கா எழுதியது:

கொடி பிறகுதான் வருகிறது, சரி தம்பி. அந்தப் "பிறகு" எவ்வளவு நீளம் என்று நான் சொல்கிறேன். இங்கே பேப்பரில் அந்த நேரம் கிழமைக்குக் கிழமை வாசித்தது.

உலக சம்பியன் போட்டிக்குச் சோடியில் ஒருவர் அந்த நாட்டுக் குடியுரிமை வைத்திருந்தால் போதும். ஒலிம்பிக்குக்கு அப்படி இல்லை, இரண்டு பேரும் அந்த நாட்டுக் குடிமக்களாக இருக்க வேண்டும். அதனால்தான் சவ்சென்கோவுக்கு 2006 தூரின் ஒலிம்பிக்குக்கு முன்னம் அவசரமாகக் கடவுச்சீட்டு வந்தது. அந்த நேரம் பயிற்றுநர் ஸ்ரொயருக்கு வேறு தலையிடி. கிழக்கு ஜேர்மனிக் காலத்தில் அவர் இரகசியப் பொலிசுக்குத் தகவல் கொடுத்தவர் என்று வெளியே வந்து, ஜேர்மன் ஒலிம்பிக் குழு அவரைப் பெயர்ப் பட்டியலில் இருந்து வெட்டியது. அவர் நீதிமன்றம் போய்த்தான் தூரினுக்குப் போனார். புது நாட்டுக்கு வந்த பிள்ளை, அந்த நாட்டுக்காக முதல் ஒலிம்பிக், வாசலில் இப்படி ஒரு கூத்து. ஆறாம் இடம் வந்ததே பெரிய காரியம் என்பேன்.

அப்புறம் மசோவின் கதை. அவரை விட்டுக்கொடுக்கப் பிரான்சின் சம்மேளனம் சம்மதிக்கவில்லை. 2014-15 பருவம் முழுக்க ஒரு சர்வதேசப் போட்டியும் இல்லை. ஒவ்வொரு நாளும் பயிற்சி, ஒவ்வொரு நாளும் எறி, தூக்கு, விழு, எழும்பு, ஆனால் போட்டி இல்லை. 2015 இலையுதிர் காலத்தில்தான் விட்டார்கள், அதுவும் 30,000 யூரோ வாங்கிக்கொண்டு. விட்ட அந்தப் பருவத்திலேயே பொஸ்ரனில் உலக வெண்கலம் எடுத்தார்கள். அடுத்த வருடம் வெள்ளி.

அது முடிய மொழிப் பரீட்சை. அவர் முதல் தடவையே தேறவில்லை, பேப்பர்கள் எல்லாம் அதை எழுதின. 2017 கார்த்திகையில்தான் குடியுரிமை கிடைத்தது, ஒலிம்பிக்குக்கு மூன்று மாதம் கூட இல்லை.

மொழிப் பரீட்சை என்றால் என்ன என்று இங்கே வந்த எங்கள் ஆட்களைக் கேளுங்கள். பகல் முழுக்க உணவகத்தில் கோப்பை கழுவி, பின்னேரம் வகுப்புக்குப் போய், ஒவ்வொரு சொல்லும் ஆணா பெண்ணா அலியா என்று பாடமாக்கி... குடியுரிமைப் பரீட்சை பிறகு தனியாக இருக்கிறது, 33 கேள்வி, 17 சரியாக வந்தால் போதும். அது சுகம். மொழிதான் ஆளைச் சாப்பிடும். நாளைக்கு ஆறு மணித்தியாலம் ஐஸில் நிற்கிறவனுக்கு மாலையில் இலக்கணம் ஏறுமா? நான் அவர் பக்கம்.

இன்னொன்று. பிரெஞ்சுக்காரர் என்றபடியால் அவர் பழைய குடியுரிமையை விட வேண்டியதில்லை. நாங்கள் இலங்கைக் கடவுச்சீட்டைக் கொடுத்துவிட்டுத்தான் இதை எடுத்தோம். 2024 யூன் கடைசியில்தான் ஜேர்மனி எல்லாருக்கும் இரட்டைக் குடியுரிமைக்கு வழி விட்டது. எங்களை யாரும் காசுக்குப் போனவர்கள் என்று சொன்னால் நான் சும்மா இருக்க மாட்டேன், ஒற்றைப்பனை அண்ணை.

ஒற்றைப்பனை எழுதியது:

தங்கச்சி, உயிருக்குப் பயந்து போனவர்களையும் பதக்கத்துக்குப் போனவர்களையும் நான் ஒன்றாகக் கட்டவில்லை. நீங்கள்தான் கட்டுகிறீர்கள்.

ஸ்ருட்காட்_அக்கா எழுதியது:

நான் கட்டவில்லை அண்ணை. ஆனால் அதே அலுவலகம், அதே வரிசை, அதே பரீட்சை.

வடமராட்சிக்காரன் எழுதியது:

30,000 யூரோ என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பக்கத்து உதைபந்தாட்டத்தில் நடக்கிற அதே கூத்துத்தான், தொகைதான் வேறு.

ஊரில் கழகம் மாற வேண்டுமென்றால் பழைய கழகத்தின் விடுவிப்புக் கடிதம் வேண்டும். எனக்கு ஒரு கழகம் அதைத் தரவேயில்லை. பேர் வேண்டாம், அந்த நேரம் செயலாளராக இருந்தவர் இப்போதும் சந்தையில் கண்டால் சிரிக்கிறவர். கடிதம் கேட்கப் போனால் "தலைவர் கொழும்பில்", அடுத்த முறை "கூட்டத்தில் வைக்க வேணும்", அதற்கு அடுத்த முறை "றப்பர் முத்திரை காணேல்லை". அதற்குள் சுற்றுப்போட்டிக்குப் பதிவு முடிந்துவிட்டது. அவர்கள் என்னை அணியிலும் போடவில்லை, வாங்கில்தான் இருத்தி வைத்தார்கள். தங்களுக்கும் வேண்டாம், இன்னொருத்தனுக்கும் கொடுக்க மாட்டோம்.

அதனால் மசோவின் வழக்கில் எனக்கு விளங்குகிற கேள்வி ஒன்றுதான். அவரை வைத்துப் பிரான்சுக்குப் பதக்கம் எடுக்கிற திட்டம் ஏதும் அவர்களிடம் இருந்ததா? இருந்தால் பிடித்து வைத்தது நியாயம். இல்லையென்றால் றப்பர் முத்திரைக் கதைதான்.

ஒற்றைப்பனை சேர் கேட்ட பழைய வாத்தியார் விசயம் உண்மையானது. ஆனால் விடுவிப்புக்கு வாங்குகிற காசு அந்த வாத்தியாருக்குப் போவதில்லை. சம்மேளனத்தின் கணக்குக்குத்தான் போகும். அதைப் பற்றியும் கோபப்படுங்கோ சேர்.

ஒற்றைப்பனை எழுதியது:

அதைப் பற்றியும் கோபம்தான். உமக்குக் கடிதம் தராத கழகம் எது என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். விடும்.

ஆனால் ஒரு கேள்வி. நீங்கள் எல்லாரும் நல்ல உதாரணத்தை மட்டும் எடுத்துக் கதைக்கிறீர்கள். வாசித்துப் பார்த்தேன், அதே மொரோசொவின் அடுத்த சோடி தத்தியானா வொலொசோஷர் ரஷ்யாவுக்குப் போனவர். உக்ரைனில் இருந்து ரஷ்யாவுக்கு. 2014 சோச்சியில் ரஷ்யாவுக்குத் தங்கம். அந்த ஒலிம்பிக் முடிந்து அடுத்த மாதமே ரஷ்யா கிரிமியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. பிறந்த நாட்டில் இருக்கிறவர்கள் அந்தத் தங்கத்தை எப்படிப் பார்த்திருப்பார்கள்? இதற்கும் "ஆள் கிடைக்கவில்லை, அதனால் போனார்" என்று சொல்லிவிடுவீர்களா?

புள்ளிக்கணக்கு எழுதியது:

இது நல்ல கேள்வி. முதலில் நடந்ததைச் சொல்கிறேன், பிறகு சண்டை பிடிக்கலாம்.

வொலொசோஷர் உக்ரைனின் தினிப்ரோவில் பிறந்தவர். மொரோசொவோடு 2006, 2010 ஒலிம்பிக் இரண்டிலும் உக்ரைனுக்காகச் சறுக்கியவர். 2010 வன்கூவரில் எட்டாம் இடம். அந்தக் காலத்தில் அவர்கள் பயிற்சி எடுத்தது எங்கே தெரியுமா? கெம்னிற்ஸில், அதே ஸ்ரொயரிடம். அதாவது மொரோசொவின் பழைய சோடியும் புதுச் சோடியும் ஒரே ஐஸில். வன்கூவரோடு மொரோசொவ் நிறுத்தினார். வொலொசோஷருக்குச் சொந்த நாட்டில் அந்தத் தரத்தில் ஆள் இல்லை. ரஷ்யாவில் மக்சிம் ட்ரான்கொவ் தன் சோடியை விட்டு நின்றார். சேர்ந்தார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர்களில் ஒருவர் யார்? மொரோசொவேதான்! கூட்டாளி பயிற்றுநராகி அவரும் மாஸ்கோவுக்குப் போனார்.

2011 உலகப் போட்டி மாஸ்கோவில். முதலிடம் சவ்சென்கோ ஷொல்கோவி, இரண்டாமிடம் வொலொசோஷர் ட்ரான்கொவ். இரண்டு மேடைப் படியிலும் நின்ற இரண்டு பெண்களும் உக்ரைன்காரர், இரண்டு பேரும் மொரோசொவின் பழைய சோடிகள், ஏறினது ஜேர்மனிக் கொடியும் ரஷ்யக் கொடியும். 2014 சோச்சியில் வொலொசோஷருக்குத் தங்கம், சவ்சென்கோவுக்கு வெண்கலம்.

இதில் ஒரு விசயம் ஒற்றைப்பனை ஐயாவின் பக்கத்துக்கு உதவும். உக்ரைன் உலகத் தரமான இரண்டு பெண்களை உருவாக்கி, இரண்டு பேரையும் கொடுத்துவிட்டு நின்றது. அந்தக் கணக்கு யாரிடமும் இல்லை.

நல்லூர்ப்பக்கம் எழுதியது:

வொலொசோஷர் மாறினது 2010 இல். 2014 இல் நடந்ததை 2010 இல் மாறினவர் தலையில் வைப்பது நியாயமில்லை. அதே நேரம், அந்தத் தங்கத்தைப் பார்க்க அவர் ஊரில் ஒருவருக்கு எரிந்திருந்தால் அதையும் நான் பிழை சொல்ல மாட்டேன். எங்கள் ஊரில் இருந்துகொண்டு அதை விளங்காமல் இருக்க முடியாது. இந்தப் பக்கத்தை இதற்கு மேல் நோண்ட வேண்டாம் என்று நினைக்கிறேன், மட்டுறுத்துநர் பூட்டிவிடுவார்.

எனக்கு இன்னும் கூடப் பிடித்த விசயம் வேறு. 2018 இல் சவ்சென்கோவின் பழைய சோடி ஷொல்கோவி எங்கே நின்றார்? ரஷ்யப் பயிற்றுநர் குழுவில். தரசோவா, விளாடிமிர் மொரோசொவ் (இது வேறு மொரோசொவ்) சோடிக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். குறு நிகழ்ச்சியில் அவர்கள் இரண்டாமிடம், சவ்சென்கோ நாலாமிடம். பதினொரு வருடம் கையைப் பிடித்தவர் எதிர்ப்பக்கத் தடுப்புக்குப் பின்னால் நிற்கிறார். கடைசியில் அவர்கள் நாலாமிடத்துக்கு இறங்கினார்கள். அந்த நேரம் கமெரா ஏன் ஷொல்கோவியின் முகத்தைக் காட்டவில்லை என்று எனக்கு இன்னமும் கவலை. காட்டியிருந்தால் யாராவது இணைப்பைப் போடுங்கோ.

ஸ்காபரோ_தாய் எழுதியது:

இவ்வளவு நாளும் வாசிக்க மட்டும்தான் வருவேன், இதற்கு எழுதாமல் இருக்க ஏலாது. என்னுடைய மகள் இங்கே சறுக்குகிறவள். பெரிய அளவில் இல்லை, கழக மட்டம்.

ஆள் கிடைக்காது என்று தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு. எங்கள் கழகத்தில் பெண் பிள்ளைகள் நிரம்பி வழிகிறார்கள். ஆண் பிள்ளைகள் எங்கே? ஹொக்கியில். அதே மண்டபம், அதே ஐஸ், அடுத்த மணித்தியாலம் வந்து பாருங்கள், தோள் காப்பும் தடியுமாகப் பெடியள் நிறைந்திருப்பார்கள். பயிற்றுநர் ஒருநாள் "இவளுக்குச் சோடி ஸ்கேற்றிங் நன்றாக வரும், உயரமும் சரி, பயமும் இல்லை" என்றார். ஆரோடு என்று கேட்டேன். சிரித்தார். ஒரு பெடியன் கிடைத்தால் பத்துத் தாய்மார் வரிசையில் நிற்போம், சாதகம் பார்க்கிறது மட்டும்தான் குறை.

பெற்றோர் வாங்கில் இருக்கிறவர்களுக்கு அந்தக் குளிர் தெரியும். நான் சேலைக்கு மேலே பனிக்காலக் கோட்டும், மடியில் சுடுதண்ணிப் போத்தலுமாக இருப்பேன். சனிக்கிழமை விடிய ஆறு மணிக்கு ஐஸ் நேரம் மலிவு, அதனால் ஆறு மணிக்கு. சப்பாத்து வேறு, தகடு வேறு, இரண்டுக்கும் தனித்தனி விலை, கால் வளர வளர மாற்ற வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு ஒரு பிள்ளைக்கு ஆள் கிடைத்து, அந்த ஆள் வேற்று நாட்டுக்காரன் என்றால், போகாதே என்று எந்தத் தாய் சொல்லுவாள்?

எங்கள் நாட்டு உதாரணம் ஒன்றும் சொல்கிறேன், கனடாவைத்தான் சொல்கிறேன். டியானா ஸ்ரெலாற்றோ டூடெக். அமெரிக்காக்காரி, 1983 இல் பிறந்தவர். 2000 இல் தனிநபர் போட்டியில் உலக இளையோர் வெள்ளி. (அதே 2000 இல்தான் சவ்சென்கோ சோடியில் இளையோர் தங்கம் எடுத்தவர், இரண்டு பேரும் ஒரே செட்!) காயங்களால் 17 வயதில் விட்டுவிட்டார். பதினாறு வருடம் ஐஸ் பக்கம் போகாமல் வேலை பார்த்தார். 2016 இல் திரும்ப வந்தார், சோடியாக. முதல் அமெரிக்காவுக்கு. பிறகு அந்தச் சோடி முடிய, 2019 இல் கியூபெக்கைச் சேர்ந்த மக்சிம் டெஷாமோடு கனடாவுக்கு. 2024 மொன்றியலில் உலக சம்பியன், 40 வயதில். இந்த விளையாட்டில் அந்த வயதில் உலகப் பட்டம் எடுத்த பெண் வேறு ஒருவரும் இல்லை.

அன்றைக்கு அவரிடம் கனடாக் குடியுரிமை இல்லை. அக்கா மேலே சொன்ன விதிதான், டெஷாம் கனடாக்காரர், அது போதும். குடியுரிமை அந்த வருட முடிவில்தான் கிடைத்தது.

பனங்கொட்டை எழுதியது:

40 வயதில் தலைகீழாகத் தூக்க விடுகிறார். நான் 27 இல் கதிரையில் ஏறி மின்குமிழ் மாற்றப் பயப்படுகிறேன்.

ஒரு சந்தேகம். ஒலிம்பிக்கில் நாடு மாறினால் மூன்று வருடம் பொறுக்க வேண்டும் என்று எங்கேயோ வாசித்தேன். சரியா?

புள்ளிக்கணக்கு எழுதியது:

சரி. ஒலிம்பிக் சாசனத்தின் 41 ஆவது விதி. ஒரு நாட்டுக்காக விளையாடின பிறகு இன்னொரு நாட்டுக்குப் போனால் மூன்று வருட இடைவெளி வேண்டும். பழைய நாட்டு ஒலிம்பிக் குழு சம்மதித்தால் குறைக்கலாம், இல்லாமலும் செய்யலாம். திரும்பவும் விடுவிப்புக் கடிதம்தான். வடமராட்சிக்காரன் சொன்ன முத்திரை எல்லா மட்டத்திலும் இருக்கிறது.

ஒவ்வொரு நாட்டுச் சட்டமும் சேர்ந்தால் இன்னும் சிக்கல். யூகோ கவாகுச்சி ஜப்பானில் பிறந்தவர். 1998 நகானோ ஒலிம்பிக்கில் ரஷ்யச் சோடி பெரெஷ்னயா, சிகாருலித்சேயைப் பார்த்து, அவர்களின் பயிற்றுநர் தமாரா மொஸ்க்வினாவிடமே பழக வேண்டும் என்று பிடிவாதமாகப் போனவர். அலெக்சாண்டர் ஸ்மிர்னொவோடு ரஷ்யாவுக்குச் சறுக்கினார். ஜப்பான் இரட்டைக் குடியுரிமை கொடுக்காது. 2010 வன்கூவருக்குப் போக வேண்டுமென்றால் ஜப்பான் குடியுரிமையை விட வேண்டும். விட்டார். வன்கூவரில் நாலாம் இடம்.

ஸ்ருட்காட்_அக்கா எழுதியது:

நாலாம் இடமா? ஐயோ பிள்ளை.

ஒற்றைப்பனை எழுதியது:

கவாகுச்சியின் கதை எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் அவர் பழக்குகிற வாத்தியாரைத் தேடிப் போனவர். கடவுச்சீட்டைத் தேடிப் போகவில்லை.

காசுக்கு என்று எழுதினதை இந்த விளையாட்டுக்குப் போட மாட்டேன், சரி. துடுப்பாட்டத்துக்கு மாற்றமில்லை. ஆனால் என்னுடைய பழைய கேள்வி அப்படியே நிற்கிறது. பிள்ளையை உருவாக்கின முதல் நாட்டுக்கு என்ன? சம்மேளனம் 30,000 வாங்கினால் அதில் ஒரு பங்கு அந்தப் பிள்ளைக்கு முதலில் சப்பாத்துக் கட்டப் பழக்கினவருக்குப் போக வேண்டும் என்று ஒரு விதி எழுதுவது அவ்வளவு கஷ்டமா? உதைபந்தாட்டத்தில் இருக்கிறது. ஒருவரைக் காசு கொடுத்து வாங்கினால் சின்ன வயதில் பழக்கின கழகங்களுக்குப் பங்கு போகும். இங்கே ஏன் இல்லை?

வடமராட்சிக்காரன் எழுதியது:

ஓம் சேர், அந்த விதி நல்ல விதி. ஐந்து வீதம் என்று நினைவு. இதற்கு நான் உங்கள் பக்கம்.

ஆனால் பங்கு வாங்கின பிறகு கடிதத்தைப் பிடித்து வைக்கக் கூடாது என்றும் அதே விதியில் எழுதுங்கோ. ஒரு பருவம் போனால் போனதுதான். சவ்சென்கோவுக்கு 31 வயதில் ஒரு பருவம் போனது, அது 20 வயதில் போகிற பருவம் இல்லை.

நல்லூர்ப்பக்கம் எழுதியது:

அந்தப் பருவம் வீணாகவில்லை என்று சிலர் சொல்வார்கள், போட்டி இல்லாதபடியால் நிம்மதியாகச் சோடியைக் கட்டினார்கள் என்று. நான் ஏற்க மாட்டேன். நடுவர்களுக்கு முன்னால் நிற்காமல் ஒரு சோடி என்ன தரம் என்று அவர்களுக்கே தெரியாது. குறு நிகழ்ச்சியில் மசோ தாவலைத் தவறவிட்டாரே, பெரிய மேடைகளில் அவருக்கு இருந்த அனுபவத்தில் ஒரு வருடம் அப்படியே களவு போயிருந்தது.

வாத்தியார் பங்கு பற்றி ஒற்றைப்பனை ஐயா தனி இழை தொடங்கினால் முதல் பதில் நான் எழுதுகிறேன். பள்ளிக்கூடம் மாறுகிற எங்கள் பிள்ளைகளுக்கும் அது பொருந்தும், கோலூன்றிப் பாய்கிறவர்களை வைத்தே தொடங்கலாம்.

ஒற்றைப்பனை எழுதியது:

தொடங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமை. இன்றைக்கு இங்கே மின்சாரம் போய்ப் போய் வருகிறது, தொலைபேசியில் தட்டி எழுத எனக்குப் பொறுமையில்லை.

மட்டுறுத்துநர் எழுதியது:

இந்த இழையைப் "பொழுதுபோக்கு" பகுதியில் இருந்து "விளையாட்டு" பகுதிக்கு மாற்றியிருக்கிறேன். நடுவில் இயோன் மோர்கன் பற்றி வந்த ஒன்பது பதில்களைத் துடுப்பாட்ட இழைக்கு அனுப்பிவிட்டேன், அங்கே தொடரலாம். பனங்கொட்டை, உங்கள் ஐஸ்கிறீம் படத்தின் அளவு பெரிது, சுருக்கிப் போடவும்.